மன்னிப்பும் விடுதலையும்: ஹென்றி பேதிரிஸ் சுற்றவாளியா?

இலங்கை நீதிமன்றங்களின் தமிழில் ஒரு சொல் உண்டு. தமிழகத்து வாசகர்களுக்கு அது புதியதாகத் தோன்றலாம். குற்றப்பத்திரம் வாசிக்கப்பட்ட பின், எதிரிக் கூண்டில் நிற்பவரிடம் "நீர் குற்றவாளியா, சுற்றவாளியா?" என்று கேட்கப்படும். சுற்றவாளி என்றால் குற்றமற்றவர் என்பது பொருள். நீதிமன்றச் செய்திகள் எழுதிய காலத்தில் இச்சொல்லை நான் எத்தனை நூறு முறை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஆயினும் அதன் எடையை எனக்கு உணர்த்தியது 1915 ஆம் ஆண்டில் நடந்த ஒரு வழக்கு. அந்த வழக்கின் எதிரிக்கு வயது 26. பெயர் எட்வர்ட் ஹென்றி பேதிரிஸ்.

பேதிரிஸ் 1915 யூலை 7 ஆம் திகதி வெலிக்கடைச் சிறைச்சாலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 109 ஆண்டுகள் கழிந்து, 2024 செப்டெம்பரில் அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க அவருக்கு மன்னிப்பு வழங்கினார். செய்தி வெளியான நாட்களில் பலரும் அதனை வரவேற்று எழுதினார்கள். நீதி கிடைத்துவிட்டது என்றே பெரும்பாலானோர் கருதினர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. குற்றம் செய்தவருக்கே மன்னிப்பு வழங்கப்படும். குற்றம் செய்யாதவருக்கு உரியது விடுதலைத் தீர்ப்பு. பேதிரிசுக்கு உரியது இவ்விரண்டில் எது என்ற கேள்வி இன்னும் விடையின்றியே இருக்கிறது. அக்கேள்வியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொழும்பில் நடந்த ஒரு மரண தண்டனையைப் பற்றிக் குண்டசாலையில் இருக்கும் நான் ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். அந்த இளைஞரைப் பலிகொண்ட தீ மூண்ட இடம் கண்டி. அதனினும் பழைய ஒரு வரலாறும் கண்டிக்கு உண்டு. இராணுவச் சட்டத்தின் கீழ் மனிதர்களைச் சுட்டுக் கொன்றதையும், ஜூரிகள் எதிரிகளை விடுதலை செய்ததையும் கண்டு அனுபவப்பட்ட நகரம் இது. இரண்டின் வேறுபாட்டையும் விளக்க இதைவிடப் பொருத்தமான ஊர் இலங்கையில் இல்லை.

முதலில் தீ மூண்ட கதையைப் பார்ப்போம்.

கம்பளையில் உள்ள வலஹாகொட தேவாலயத்தின் பெரஹெரா, அம்பகமுவ வீதியிலுள்ள பள்ளிவாசலைக் கடந்து செல்லும்போது மேளவாத்தியங்களை இசைக்கலாமா என்பது குறித்து ஒரு தகராறு எழுந்தது. தேவாலயத் தரப்பினர் 1815 ஆம் ஆண்டின் கண்டி ஒப்பந்தத்தை ஆதாரமாகக் காட்டினர். பௌத்த சமயத்தையும் அதன் வழிபாட்டு முறைகளையும் பாதுகாப்பதாகப் பிரித்தானியர் அந்த ஒப்பந்தத்தின் 5 ஆம் பிரிவில் வாக்களித்திருந்தனர். கண்டி மாவட்ட நீதிபதியாக இருந்த போல் ஈ. பீரிஸ் 1914 யூன் 4 ஆம் திகதி தேவாலயத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். 1915 பெப்ரவரி 2 ஆம் திகதி உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. ஒப்பந்தம் கைச்சாத்தாகி நூறு ஆண்டுகள் நிறைவடையவிருந்த தருணத்தில் அதன் வாக்குறுதி பொய்த்துவிட்டது என்ற கசப்பு சிங்கள பௌத்தர்கள் மத்தியில் பரவியது.

1915 மே 28 வெசாக் நாள். அன்றிரவு கண்டி நகரில் பக்திப் பாடல் பாடிச் சென்ற ஊர்வலம் காசில் ஹில் வீதிப் பள்ளிவாசலை நெருங்கியபோது மோதல் மூண்டது. அடுத்த ஒருசில நாட்களில் அது மத்திய மாகாணத்தின் ஏனைய ஊர்களுக்கும், மேற்கு, வடமேல், சப்பிரகமுவ, தென் மாகாணங்களுக்கும் பரவியது. முஸ்லிம்களின் இழப்பு மிகப் பெரியது. குறைந்தது 25 பேர் கொல்லப்பட்டனர். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் சூறையாடப்பட்டன. பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டன. பெண்கள் வன்புணர்வுக்கு ஆளாயினர். பேதிரிசின் கதையைச் சொல்பவர்களில் பலர் இந்தப் பகுதியை ஒரு வரியில் கடந்துவிடுவதுண்டு. அது நியாயமன்று. பேதிரிஸ் குற்றமற்றவராக இருக்கலாம், ஆனால் அந்த நாட்களில் குற்றமே நடக்கவில்லை என்று எவரும் கூறிவிட முடியாது.

அப்போது தேசாதிபதியாக இருந்தவர் சேர் றொபேர்ட் சால்மர்ஸ். ஐரோப்பாவில் முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. கலகத்தை இருவேறு சமூகத்தவருக்கு இடையிலான வன்முறையாக மட்டும் ஆட்சியாளர் பார்க்கவில்லை. மதுவிலக்கு இயக்கத்தை நடத்திவந்த சிங்களத் தலைவர்கள் முடிக்கு எதிராகத் தீட்டிய சதியாகவே அதனைக் கண்டனர். யூன் 2 ஆம் திகதி இராணுவச் சட்டம் பிரகடனப்படுத்தப்பட்டது. ஒரு வாரத்துக்குள் கலகம் பெரும்பாலும் அடங்கிவிட்டபோதும், இராணுவச் சட்டம் ஓகஸ்ட் இறுதிவரை நீடித்தது. டி. பி. ஜயதிலக்க, எப். ஆர். சேனநாயக்க, பிற்காலத்தில் நாட்டின் முதலாவது பிரதமரான டி. எஸ். சேனநாயக்க முதலியோர் சிறையில் அடைக்கப்பட்டனர். சதி எதுவும் நிரூபிக்கப்படாமலேயே அவர்கள் பின்னர் விடுவிக்கப்பட்டனர். அநகாரிக தர்மபாலவின் சகோதரர் எட்மண்ட் ஹேவாவிதாரண அவ்வளவு அதிர்ஷ்டசாலியாக இருக்கவில்லை. இராணுவ நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்ட அவர் அதே ஆண்டு யாழ்ப்பாணச் சிறையில் நோய்வாய்ப்பட்டு இறந்தார்.

ஹென்றி பேதிரிஸ் கொழும்பின் செல்வந்த வர்த்தகரான டி. டி. பேதிரிசின் ஒரே மகன். 1888 ஓகஸ்ட் 16 ஆம் திகதி பிறந்தவர். போர் தொடங்கியபோது அமைக்கப்பட்ட கொழும்பு நகரக் காவற்படையில் சேர்ந்து, குறுகிய காலத்திலேயே கப்டன் பதவிக்கு உயர்ந்தார். ஐரோப்பிய அதிகாரிகள் நிறைந்திருந்த படையில் ஓர் இலங்கை இளைஞர் அந்த நிலையை எட்டுவது அன்று சாதாரண விடயமன்று. கலக நாட்களில் நகரைக் காக்கும் கடமையில் அவர் ஈடுபட்டிருந்தார். யூன் தொடக்கத்தில் அவர் கைது செய்யப்பட்டார். இராஜதுரோகம், கடையுடைப்பு, கொலை முயற்சி ஆகியவை அவர்மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகளில் முக்கியமானவை. கூட்டத்தைத் தூண்டினார், துப்பாக்கியால் சுட்டார் என்பது அவற்றின் சாரம். பேலியகொடையிலிருந்து கொழும்பை நோக்கித் திரண்டு வந்த கூட்டத்தைப் பேசிச் சமாதானப்படுத்தித் திருப்பியனுப்பியவரே அவர் என்பது அவர் சார்பினர் கூறிவந்த மறுப்பு.

விசாரித்தது இராணுவ நீதிமன்றம். ஜூரி இல்லை, குடியியல் நீதிமன்றமொன்றுக்கு மேன்முறையீடு செய்யும் வழியும் இல்லை. மரண தண்டனை விதிக்கப்பட்டது. கண்டியில் முதற்கல் எறியப்பட்ட நாளிலிருந்து எண்ணினால் சரியாக 40 ஆவது நாளில் தண்டனை நிறைவேற்றப்பட்டது. அவர் அமர்த்தப்பட்டுச் சுடப்பட்ட, இரத்தம் தோய்ந்த நாற்காலி சிறையிலிருந்த சிங்களத் தலைவர்களின் அறைகளுக்கு முன்னால் கொண்டு செல்லப்பட்டதாகக் கூறப்படுவதுண்டு.

இனி, அவர் சுற்றவாளியா என்ற கேள்விக்கு வருவோம். உணர்ச்சிவசப்படாமல் இதற்கு விடை காண வேண்டுமாயின், அரசு தரப்பின் நியாயங்களையும் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். பேதிரிஸ் சாதாரணக் குடிமகன் அல்லர், சீருடை அணிந்த அதிகாரி. எனவே அவரை விசாரிக்க இராணுவ நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று எளிதில் வாதிட முடியாது. ஒழுங்கை நிலைநாட்டக் கடமைப்பட்ட ஓர் அதிகாரி உண்மையிலேயே கூட்டத்தைத் தூண்டியிருந்தால் அது பாரதூரமான குற்றமே. குடியியல் நீதிமன்றங்கள் திறந்திருக்கும்போது இராணுவ நீதிமன்றம் இயங்கலாகாது என்ற பழைய கோட்பாட்டையும், தென்னாபிரிக்கப் போரின்போது எழுந்த மரே என்பவரின் வழக்கில் பிரிவிக் கவுன்சில் 1902 இல் பலவீனப்படுத்தியிருந்தது. நீதிமன்றங்கள் சில அலுவல்களுக்காகத் திறந்திருப்பதை வைத்து மட்டும் போர்நிலை இல்லை என்று சொல்லிவிட முடியாது என்பது அத்தீர்ப்பின் பொருள்.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பின்னும் அடிப்படைக் கேள்வி எஞ்சி நிற்கிறது. குற்றம் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்கப்பட்டதா?

இராஜதுரோகத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒரு கூட்டம் முஸ்லிம்களின் கடைகளை உடைப்பது கொடிய குற்றம். ஆனால் அது அரசனுக்கு எதிரான போர் ஆகாது. கலகம் முழுவதும் முடிக்கு எதிரான சதி என்று நம்பினால் மட்டுமே கடையுடைப்பு இராஜதுரோகமாகும். அந்தச் சதிக்குத் தலைமை தாங்கியதாகச் சந்தேகிக்கப்பட்ட ஜயதிலக்கவும் சேனநாயக்க சகோதரர்களும் பின்னர் விடுவிக்கப்பட்டார்கள் என்று மேலே சொன்னேன். சூத்திரதாரிகள் என்று கருதப்பட்டவர்களுக்கு எதிராக நிரூபிக்கப்படாத சதியில் பங்கேற்றதற்காக ஓர் 26 வயது இளைஞர் உயிரிழந்தார். எனவே இராஜதுரோகக் குற்றச்சாட்டில் அவர் சுற்றவாளி என்பதே என் முடிவு. இதில் எனக்குத் தயக்கம் இல்லை.

ஏனைய குற்றச்சாட்டுகள் வேறு வகையானவை. துப்பாக்கியால் சுட்டாரா, எவரை நோக்கி, எதற்காகச் சுட்டார் என்பவை சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்து தீர்மானிக்க வேண்டிய சாதாரண உண்மைகள். காவற் கடமையிலிருந்த ஓர் அதிகாரி கூட்டத்தைக் கலைக்கச் சுடுவதும், கூட்டத்தோடு சேர்ந்து சுடுவதும் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுபோலத் தோன்றலாம். இவற்றை வேறுபடுத்துவதற்காகத்தான் ஜூரியும், சட்டத்தரணியும், மேன்முறையீடும் இருக்கின்றன. கலகத்தை அடக்கிக்கொண்டிருந்த அதே இராணுவம் அதே வாரங்களில் நீதிபதியாகவும் அமர்ந்தது. அதன் தீர்ப்பை எந்தச் சுதந்திரமான நீதிமன்றமும் மறுபரிசீலனை செய்யவில்லை. குற்றம் நிரூபிக்கப்படும் வரை எவரும் குற்றமற்றவரே என்று இன்றைய நமது அரசியலமைப்பின் 13 (5) உறுப்புரை கூறுகிறது. 1915 இல் நடைமுறையிலிருந்த ஆங்கிலக் குற்றவியல் மரபும் அதையே கூறியது. அந்த அளவுகோலின்படி, தகுதியான மன்றமொன்றில் நிரூபிக்கப்படாத குற்றத்தை அவர் பெயரோடு ஒட்டிவைக்க நமக்கு உரிமை கிடையாது.

இது பிற்காலத்தவரின் மென்மையான மனப்பாங்கு, அன்றைய சூழலில் வேறு வழி இருக்கவில்லை என்று சொல்பவர்களுக்குக் கண்டியின் வரலாறே பதில் சொல்லும்.

பிரித்தானியரை வெளியேற்றச் சதி செய்தார்கள் என்று 1834 இல் கண்டிப் பிரதானிகள் சிலர் கைது செய்யப்பட்டனர். அவர்களில் மொல்லிகொட, துனுவில ஆகியோர் முக்கியமானவர்கள். கண்டி இராச்சியம் வீழ்ந்து இருபது ஆண்டுகளே ஆகியிருந்தன. 1818 ஆம் ஆண்டின் ஊவாக் கிளர்ச்சியின் நினைவு ஆட்சியாளருக்கு மறையவில்லை. அச்சத்துக்குக் காரணம் இருந்தது. ஆயினும் அவர்கள் 1835 ஜனவரியில் கண்டியில் உயர் நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார்கள். ஐரோப்பியரும் உள்நாட்டவரும் கலந்திருந்த ஜூரி சாட்சியங்களைக் கேட்டது. அனைவரும் சுற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. பேரரசு கவிழ்ந்துவிடவில்லை.

1848 இல் மாத்தளைக் கிளர்ச்சி வெடித்தது. யூலை 29 ஆம் திகதி தேசாதிபதி டொரிங்டன் பிரபு கண்டியில் இராணுவச் சட்டத்தைப் பிரகடனப்படுத்தினார். ஓகஸ்ட் 8 ஆம் திகதி புரன் அப்பு கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஓகஸ்ட் 26 ஆம் திகதி குடாபொல தேரர் காவியுடையுடனேயே சுடப்பட்டார். தேரருக்கு எதிரான சாட்சியம் நம்பத்தகுந்ததல்ல என்று வழக்கறிஞர்கள் முறையிட்டதும், அரசின் தலைமைச் சட்ட அலுவலரான செல்பி தண்டனையைத் தாமதிக்கும்படி கேட்டதும், எந்த வழக்கறிஞர் என்ன சொன்னாலும் நாளை காலை அவர் சுடப்படுவார் என்ற பொருள்பட டொரிங்டன் பதிலளித்ததாகக் கூறப்பட்டதும் பின்னர் பிரித்தானிய நாடாளுமன்றக் குழுவின் முன் பெரும் சர்ச்சைக்குள்ளாயின. 1850 இல் டொரிங்டன் பதவியிழந்தார்.

அதே கிளர்ச்சியில் அரசனாக முடிசூட்டப்பட்டவர் கொங்காலேகொட பண்டா. தலைமறைவாக இருந்த அவர் செப்டெம்பர் மாதத்தில்தான் பிடிபட்டார். எனவே அவருடைய வழக்கு நவம்பரில் கண்டியில் உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. மரண தண்டனை விதிக்கப்பட்டபோதும் அது குறைக்கப்பட்டு, 100 கசையடிகளுடன் அவர் மலாக்காவுக்கு நாடு கடத்தப்பட்டார். அரசன் என்று தம்மை அறிவித்தவர் உயிர் தப்பினார். அவர் ஒளிந்திருந்த இடத்தை அறிந்தும் சொல்லவில்லை என்று குற்றஞ்சாட்டப்பட்ட தேரர் சுடப்பட்டார். இருவருக்கும் இடையில் இருந்த வேறுபாடு குற்றத்தின் கனதியில் இல்லை. ஒருவர் ஓகஸ்டில் இராணுவத்தின் முன் நின்றார், மற்றவர் நவம்பரில் நீதிபதியின் முன் நின்றார். அவ்வளவுதான்.

67 ஆண்டுகள் கழித்து இதே பாடத்தைச் சால்மர்சும் அவருடைய அதிகாரிகளும் மறந்தார்கள். சில மாதங்கள் பொறுத்திருந்து பேதிரிஸ் சாதாரண நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை ஊகிக்கக் கண்டியின் இந்த அனுபவம் போதுமானது.

அன்று இதனை உரத்துச் சொன்னவர்களில் முதன்மையானவர் ஒரு தமிழர். பொன்னம்பலம் இராமநாதன் அப்போது சட்டநிரூபண சபையில் படித்த இலங்கையரின் பிரதிநிதியாக இருந்தார். அதற்கு முன்னர் பல ஆண்டுகள் சொலிசிட்டர் ஜெனரலாகக் கடமையாற்றி, அரசு தரப்பில் நின்று வழக்குகளை நடத்தியவர். சாட்சியத்தின் பலமும் பலவீனமும் அவருக்கு நன்கு தெரியும். கலகம் அடங்கிய பின்னரும் இராணுவச் சட்டத்தை நீடித்ததையும், விசாரணையின்றி மக்கள் சுடப்பட்டதையும், விசேட ஆணையாளர்கள் ஊர் ஊராகச் சென்று இழப்பீட்டுப் பணம் அறவிட்ட முறையையும் அவர் சபையில் கண்டித்தார். அவருடைய உரைகள் 1916 இல் இலண்டனில் நூலாக வெளிவந்தன. அதே ஆண்டில் ஆர்மண்ட் டி சூசா என்ற பத்திரிகை ஆசிரியரும் இராணுவச் சட்டத்தின் நூறு நாட்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். என் தொழிலைச் சேர்ந்த ஒருவர் அந்த வேளையில் அதைச் செய்தார் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

ஆனால் இராமநாதனின் உரைகள் முஸ்லிம்களைப் புண்படுத்தின என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். தங்கள் வீடுகளும் கடைகளும் சாம்பலாகிக் கிடந்தபோது, ஒரு தமிழ்த் தலைவர் மறுதரப்புக்காக மட்டுமே வாதாடினார் என்ற மனக்குறை அந்தச் சமூகத்தில் நீண்ட காலம் நிலைத்தது. அந்த மனக்குறையில் நியாயம் இருக்கிறது. அநியாயமாகத் தண்டிக்கப்பட்டவருக்காகக் குரல் கொடுக்கும்போது, அநியாயமாகத் தாக்கப்பட்டவரை மறந்துவிடும் வழக்கம் நம் எல்லோரிடமும் உண்டு.

சால்மர்ஸ் 1915 இறுதியில் திரும்ப அழைக்கப்பட்டார். ஆனால் அதற்கு முன்னரே, 1915 ஓகஸ்டில், பிரித்தானிய அரசு இழப்பெதிர்காப்புக் கட்டளை ஒன்றைப் பிறப்பித்துவிட்டது. இராணுவச் சட்ட காலத்தில் அதிகாரிகள் செய்த செயல்களுக்கு அது சட்டக் கவசம் அணிவித்தது. இராணுவ நீதிமன்றத் தண்டனைகளுக்கும் அதன் மூலம் சட்ட வலு அளிக்கப்பட்டது. பேதிரிசின் வழக்குக் கதவு இவ்வாறு வெளியிலிருந்து பூட்டப்பட்டது.

109 ஆண்டுகளின் பின் வந்த மன்னிப்பு அந்தக் கதவைத் திறந்ததா? நமது அரசியலமைப்பின் 34 ஆவது உறுப்புரையை வாசித்தால் பதில் கிடைக்கும். நீதிமன்றமொன்றினால் குற்றத்தீர்ப்பளிக்கப்பட்ட குற்றவாளிக்கு மன்னிப்பு வழங்கும் அதிகாரத்தையே அது ஜனாதிபதிக்கு அளிக்கிறது. அதாவது, மன்னிப்புப் பெறுபவர் குற்றவாளி என்ற எடுகோளிலிருந்தே அந்த அதிகாரம் தொடங்குகிறது. தீர்ப்பை நீக்கும் அதிகாரம் ஜனாதிபதிக்கு இல்லை. இருக்கவும் கூடாது. 1818 ஆம் ஆண்டின் கிளர்ச்சியில் துரோகிகள் எனப் பிரகடனப்படுத்தப்பட்டிருந்த 19 தலைவர்களைத் தேசிய வீரர்களாக அறிவித்து 2016 டிசெம்பரில் மைத்திரிபால சிறிசேன கையொப்பமிட்டார். அது ஒரு பிரகடனத்துக்கு எதிரான பிரகடனம், எனவே பொருத்தமானது. பேதிரிசின் விடயத்தில் இருந்தது தீர்ப்பு. தீர்ப்பைத் தீர்ப்பினால்தான் மாற்ற வேண்டும்.

ஏனைய நாடுகளின் அனுபவமும் இதையே காட்டுகிறது. இங்கிலாந்தில் டெரிக் பென்ட்லி என்ற 19 வயது இளைஞர் 1953 ஜனவரி 28 ஆம் திகதி தூக்கிலிடப்பட்டார். பொலிஸ்காரரைச் சுட்டவர் அவர் அல்லர், உடனிருந்த 16 வயதுச் சிறுவன். பென்ட்லிக்கு 1993 இல் அரச மன்னிப்பு கிடைத்தது. ஆனால் அது மரண தண்டனைக்கு மட்டுமே பொருந்தியது. கொலைக் குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே இருந்தது. அவருடைய சகோதரி ஐரிஸ் அதனை ஏற்றுக்கொள்ளாமல் போராடி 1997 இல் காலமானார். 1998 யூலை 30 ஆம் திகதி மேன்முறையீட்டு நீதிமன்றம் குற்றத்தீர்ப்பையே இரத்துச் செய்தது. அந்தப் பெண் மன்னிப்புக்கும் விடுதலைக்கும் இடையிலான வேறுபாட்டுக்காகத்தான் போராடினார்.

முதலாம் உலகப் போரில் கோழைத்தனம், படையிலிருந்து தப்பியோடுதல் முதலிய குற்றங்களுக்காகச் சுடப்பட்ட 306 பிரித்தானியப் படையினருக்கு 2006 ஆம் ஆண்டின் சட்டம் மன்னிப்பு அளித்தது. ஆனால் அம்மன்னிப்பு குற்றத்தீர்ப்பையோ தண்டனையையோ பாதிக்காது என்று அச்சட்டமே வெளிப்படையாகக் கூறுகிறது. மாறாக அமெரிக்காவின் தென் கரோலினாவில் 1944 இல் 14 வயதில் மின்நாற்காலியில் கொல்லப்பட்ட ஜோர்ஜ் ஸ்டின்னி என்ற கறுப்பினச் சிறுவனின் வழக்கை 2014 இல் ஒரு நீதிபதி மீண்டும் ஆராய்ந்தார். அவன் கொலை செய்தானா இல்லையா என்று எழுபது ஆண்டுகளின் பின் அவர் தீர்மானிக்கவில்லை. அவனுக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று கண்டு தீர்ப்பை நீக்கினார். பேதிரிசின் ஏனைய குற்றச்சாட்டுகளுக்கு மிகப் பொருந்தும் வழி இதுவே என்று நான் கருதுகிறேன்.

இதெல்லாம் பழங்கதை என்று ஒதுக்கிவிட எங்கள் பிரதேசத்தவரால் முடியாது. 2018 பெப்ரவரியில் தெல்தெனியவில் சிங்கள லொறிச் சாரதியொருவர் முஸ்லிம் இளைஞர்கள் சிலரால் தாக்கப்பட்டு, சில நாட்களின் பின் உயிரிழந்தார். மார்ச் முதல் வாரத்தில் குண்டசாலையை அடுத்த திகனையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் முஸ்லிம்களின் வீடுகள், கடைகள், பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டன. எரிந்த வீடொன்றில் சிக்கி ஒரு முஸ்லிம் இளைஞர் இறந்தார். மார்ச் 6 ஆம் திகதி நாடு முழுவதும் அவசரகாலநிலை பிரகடனப்படுத்தப்பட்டது. சாரதியைத் தாக்கிய வழக்கிலும், தீவைப்பு வழக்குகளிலும் இரு சமூகங்களையும் சேர்ந்த இளைஞர்கள் கைது செய்யப்பட்டனர். போகம்பறைச் சிறைச்சாலை 2014 இல் மூடப்பட்ட பின், கண்டியின் சிறைச்சாலை பல்லேகலையில், எங்கள் பிரதேசத்திலேயே இருக்கிறது.

அந்த நாட்களில் நான் கேட்ட பேச்சுகளில் பெரும்பாலானவை இரண்டு வகையானவை. தம் சமூகத்து இளைஞர் கைதானால் அவர் நிச்சயம் நிரபராதி, மற்றைய சமூகத்து இளைஞர் கைதானால் அவர் நிச்சயம் குற்றவாளி. சாட்சியத்தைப் பற்றிக் கேட்டவர்கள் மிகச் சிலரே. 1915 இல் தேசாதிபதி மாளிகையிலிருந்தவர்கள் சிந்தித்ததும் ஏறத்தாழ இப்படித்தான். ஒரு சமூகத்தின் கோபத்தையும் அரசாங்கத்தின் அச்சத்தையும் தணிக்க எவரேனும் ஒருவர் வேண்டியிருந்தார். சீருடையும் செல்வமும் இளமையும் கொண்ட பேதிரிஸ் அதற்கு வசதியாக அகப்பட்டார். அவர் சுடப்பட்டதால் ஒரு முஸ்லிம் குடும்பத்துக்காவது நீதி கிடைத்ததா? கொல்லப்பட்டவர்களின் உண்மையான கொலையாளிகள் எவர் என்பதைக் கண்டறியவாவது அது உதவியதா? பிழையான ஆளைத் தண்டிக்கும் ஒவ்வொரு தீர்ப்பும் சரியான ஆளைத் தப்பவிடுகிறது. ஆகவே பேதிரிசுக்கு நியாயமான விசாரணை வேண்டும் என்று கேட்பது முஸ்லிம்களுக்கு எதிரான கோரிக்கை அன்று. அவர்களுக்கும் அதுவே நீதி.

பேதிரிசின் நினைவாக அவருடைய பெற்றோர் கட்டிய இசிபதனாராமய விகாரை கொழும்பு ஹெவ்லொக் நகரில் இன்றும் இருக்கிறது. அவருக்குச் சிலையும் உண்டு, இப்போது மன்னிப்பும் உண்டு. இவை அனைத்திலும் எளியதாகவும் அவசியமானதாகவும் இருப்பது மட்டும் இல்லை. இராணுவச் சட்ட காலத்தில் அளிக்கப்பட்ட குற்றத்தீர்ப்புகளை உயர் நீதிமன்றம் மீளாய்வு செய்ய வழிவகுக்கும் ஒரு சிறிய சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றலாம். எஞ்சியுள்ள ஆவணங்களைத் திரட்டி நீதிமன்றத்தின் முன் வைக்கலாம். அரசு தரப்பும் தன் வாதத்தைச் சொல்லட்டும். அதன் பின் நீதிபதிகள் தீர்ப்பளிக்கட்டும்.

அவர்கள் என்ன சொல்வார்கள் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் நான் சொல்வதும் ஜனாதிபதி சொல்வதும் தீர்ப்பாகாது. கூண்டில் நின்ற இளைஞரிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு விடை சொல்ல வேண்டியது நீதிமன்றமே. 'மன்னிக்கப்பட்டவர்' என்பது அக்கேள்விக்கு விடையாகாது.